பொதுப் பாவத்துக்குப் பொதுத் தவம்: தலித் பார்வையில் தவக்காலம்



இலக்கிய மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிறித்தவத் திருச்சபை நாட்காட்டியில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் வருகிற நாற்பது நாட்கள்தாம் அந்தப் பொருள். கத்தோலிக்கர் இதைத் தவக்காலம் என்கிறார்கள். நம் பாட்டிமார்களுக்கு அது தபசு காலம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் லெந்து நாட்கள்.

இதைப் பேச நமக்கு என்ன தேவை என்று இரண்டு திசைகளிலிருந்து கேள்வி வரும். மதம் என்பதே மயக்க மருந்து, அதில் ஒரு பருவத்துக்கு மட்டும் பொருள் தேடுவானேன் என்று பகுத்தறிவு இயக்கத் தோழர்கள் கேட்பார்கள். தவக்காலம் என்பது ஆன்மாவும் ஆண்டவரும் பேசிக்கொள்கிற நேரம், அதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று ஆலயத்துக்குள் இருப்பவர்கள் கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் நம்மிடம் ஒரே பதில்தான் உண்டு. தமிழகக் கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். நம் சேரிகளில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் நாற்பது நாள் நோன்பிருக்கிறார்கள், சிலுவைப் பாதை நடக்கிறார்கள், நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். நம் மக்கள் உடம்பால் செய்கிற ஒன்றுக்கு யார் பொருள் சொல்வது என்பது அரசியல் கேள்வி. அந்தப் பொருளை மற்றவர்களே சொல்லட்டும் என்று நாம் விட்டுவிட முடியாது.

நாற்பது நாள் கணக்கு

முதலில் அடிப்படைச் செய்திகள். கிறித்தவர் அல்லாத மாணவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வருகிற முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் திருநீற்றுப் புதன். பழைய பெயர் விபூதிப் புதன்; சீர்திருத்தச் சபையினருக்குச் சாம்பல் புதன். இந்த 46 நாளில் ஆறு ஞாயிறுகள் உண்டு. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. ஆறைக் கழித்தால் நாற்பது.

விவிலியத்தில் நாற்பது என்பது பாலைவனத்தின் எண். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பிய மக்கள் நாற்பது ஆண்டுகள் பாலையில் அலைந்தார்கள். இயேசு பொதுவாழ்வில் இறங்குமுன் நாற்பது நாள் பாலையில் பசித்திருந்தார். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆலயங்களில் வாசிக்கப்படுவது இந்தப் பசியின் கதைதான். கி.பி. 325இல் கூடிய நீசேயா சங்கத்தின் விதிகளிலேயே இந்த நாற்பது நாட்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆக, 1700 ஆண்டுகளுக்குக் குறையாத வழக்கம் இது.

'லெந்து' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. குளிர் விலகிப் பகல் நீளும் பருவம் அது. நம் ஊரில் இந்தக் காலம் மாசி, பங்குனியில் வருகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தை, மாசியோடு முடிந்துவிடும். பிறகு குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை இல்லை. கூலியும் இல்லை. திருச்சபை நாட்காட்டி நோன்பிருக்கச் சொல்கிற நாட்களில், நிலமற்ற வேளாண் தொழிலாளியின் வீட்டில் பருவமே நோன்பைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. பசிக்காக யாரும் அவர்களுக்குப் பலன் எழுதி வைப்பதில்லை. இந்த இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்த உரையின் தொடக்கப் புள்ளி.

தவம் தனி அறைக்குள் போன கதை

இன்று தவக்காலம் என்றவுடன் மனதில் வருவது தனிமனித ஒழுக்கம். புகையை விடுவது, மதுவை விடுவது, கோபத்தைக் குறைப்பது, செல்பேசியைத் தள்ளி வைப்பது. இவை நல்லவைதாம். குடியால் சிதைகிற குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன; நாற்பது நாள் குடியில்லாத வீடு என்பது நம் பெண்களுக்குச் சிறிய விஷயம் அல்ல. ஆனால் தவக்காலம் தொடங்கியது இப்படி அல்ல.

தொடக்கத் திருச்சபையில் இந்தக் காலத்துக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, உயிர்ப்புப் பெருவிழா இரவில் திருமுழுக்குப் பெறவிருந்த புதியவர்களைத் தயாரிப்பது. இரண்டு, சமூகம் அறியப் பெரும் பாவம் செய்தவர்களைச் சமூகம் அறியவே தவத்தில் ஈடுபடுத்துவது. கொலை, விபச்சாரம், விசுவாசத்தை மறுதலித்தல் போன்றவை செய்தவர்கள் நற்கருணைப் பந்தியிலிருந்து விலக்கப்பட்டார்கள். சாம்பலும் முரட்டுத் துணியும் அவர்களுக்கான அடையாளங்கள். ரோமை வழக்கத்தில் பெரிய வியாழனன்று அவர்கள் மீண்டும் சமூகத்தோடு ஒப்புரவாக்கப்பட்டார்கள்.

பொதுத் தவத்துக்கு அரசனும் விலக்கு இல்லை. கி.பி. 390இல் பேரரசன் தெயோதோசியுவின் படை தெசலோனிக்கா நகரத்தில் மக்களைக் கொன்று குவித்தது. மிலான் ஆயர் அம்புரோசு, பேரரசன் தவம் செய்யாமல் பலிபீடத்தை நெருங்கக் கூடாது என்றார். பேரரசன் மக்கள் முன் தவம் செய்த பிறகே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டான். கொலை பொதுவெளியில் நடந்தது. ஆகவே மன்னிப்புக் கேட்பதும் பொதுவெளியில் நடந்தது.

இந்தப் பொதுத் தவம் காலப்போக்கில் மறைந்தது. தனி ஒப்புரவு, அதாவது குருவின் காதில் மட்டும் சொல்கிற பாவசங்கீர்த்தனம், அதன் இடத்தைப் பிடித்தது. 1091இல் பெனவெந்தோ சங்கம் சாம்பல் பூசும் வழக்கத்தை எல்லா விசுவாசிகளுக்கும் விரித்தது. ஒரு பார்வையில் இது நல்ல மாற்றம்; எல்லாரும் பாவிகளே என்ற சமத்துவம் அதில் இருக்கிறது. இன்னொரு பார்வையில் இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. எல்லாரும் சமமாகப் பாவிகள் என்று ஆகும்போது, குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட ஒருவருக்குச் செய்த குறிப்பிட்ட அநீதி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. சுவர் எழுப்பியவனும் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனும் ஒரே வரிசையில் நின்று ஒரே சாம்பலைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சுவர் மட்டும் அங்கேயே நிற்கும்.

சமூகவியல் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சாதி என்பது தனிமனித மனதில் இருக்கிற கெட்ட எண்ணம் மட்டும் அல்ல. அது நிலம், தெரு, திருமணம், கல்லறை, பதவி என்று கட்டமைப்பாக நிற்கிற ஒன்று. கட்டமைப்பாக நிற்கிற பாவத்தைக் காதில் சொல்லிக் கழுவ முடியாது. பொதுப் பாவத்துக்குப் பொதுத் தவம்தான் வேண்டும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல, தவக்காலத்தின் பழைய பொருளையே திருப்பிக் கேட்கிறோம்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

அடுத்து உணவைப் பார்ப்போம். இன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை நோன்பிருக்க வேண்டும். அந்த இரண்டு நாட்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சி தவிர்க்க வேண்டும். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பழைய கடுமையான விதிகளைத் தளர்த்தியதன் தொடர்ச்சி இது.

இவற்றுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழைய பெயர்கள் ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒருவேளை உண்பது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி இல்லாத உணவு. இந்த இரண்டாவது சொல்லில் சற்று நின்று பார்க்க வேண்டும். இலத்தீன் மூலச் சொல்லுக்குத் தவிர்த்தல், விலகியிருத்தல் என்று மட்டுமே பொருள். அதில் சுத்தம் என்ற பேச்சே இல்லை. ஐரோப்பிய மரபில் இறைச்சி செல்வச் செழிப்பான உணவு, விருந்தின் உணவு. ஆகவே அதை விடுவது எளிமைக்குத் திரும்புவது. ஏழைகளின் உணவை நோக்கி இறங்கி வருவதே அதன் திசை. தமிழுக்கு வந்தபோது அதுவே சுத்தமான போசனம் ஆயிற்று. அப்படியானால் மற்ற நாட்களில் உண்பது அசுத்தமா? மாட்டிறைச்சி உண்பவர் அசுத்தரா? ஏழையை நோக்கி இறங்கும் செயலாக இருந்த ஒன்று, சாதித் தூய்மையை நோக்கி ஏறும் செயலாகப் பொருள் மாறியது.

இது தற்செயல் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசியைப்போல் வாழ்ந்தார். காவி உடுத்தினார், இறைச்சியை விட்டார், ஒருவேளை மட்டும் உண்டார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை மதம் மாறியவர்கள் வைத்துக்கொள்ள 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். 1640 அளவில், பிராமணச் சந்நியாசிகள் அணுகாத மக்களுக்கென்று பண்டாரசுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ அந்தப் பண்டாரசுவாமிகளில் ஒருவர். அந்த நாள் அவ்வாண்டின் திருநீற்றுப் புதன். நம் மக்கள் ஓரியூருக்குப் போய் மண்ணெடுத்து வருவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

ஆனால் தனிக் குரு என்ற ஏற்பாடு தனிச் சமூகம் என்ற ஏற்பாட்டையும் உறுதிப்படுத்தியது. நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் போய் அருளடையாளங்களை வழங்க மறுக்கக் கூடாது என்று 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த ஆணையைச் சுற்றி நாற்பது ஆண்டுகள் சச்சரவு நடந்தது. இறுதியில் 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்கும் ஏற்பாட்டை ஏற்றார். சாகக் கிடக்கும் ஒருவரின் குடிசைக்குள் குனிந்து நுழைவதா வேண்டாமா என்பது ரோமைவரை போன வழக்காக இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

நோன்புச் சட்டத்திலேயே ஏழைகளுக்கான இடமும் உண்டு. ஒரே வேளையில் போதுமான உணவு கிடைக்காத, பிச்சையெடுத்து உண்கிற ஏழைகளை நோன்பு கட்டுப்படுத்தாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். கடும் உடல் உழைப்பாளிகளுக்கும் மரபு விலக்குக் கொடுத்தது. பசியோடு இருப்பவனிடம் பசியைக் கேட்கக் கூடாது என்ற அறிவு மரபுக்குள்ளேயே இருக்கிறது. அது நம் தெருக்களில் உரக்கச் சொல்லப்படுவதில்லை.

நோன்பு எதற்கு என்பதை இறைவாக்கினர் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் சொல்கிறது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்துவரும் வெள்ளியும் சனியும் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் பகுதி அது. நோன்பு நாளிலும் வேலையாட்களை ஒடுக்குகிறவர்களைப் பார்த்து இறைவாக்கினர் சினக்கிறார். தலையைக் குனிந்து சாம்பலில் உட்காருவதா நோன்பு என்று கேட்கிறார். அநீதியின் கட்டுகளை அவிழ்ப்பதும், நுகத்தடியை முறிப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும்தான் நோன்பு என்கிறார். ஆகவே நோன்பு பற்றிய கேள்வி முதலில் கூலி கொடுப்பவரை நோக்கித்தான் வருகிறது. கூலி வாங்குபவரின் தட்டை நோக்கி அல்ல.

சாம்பல் ஒன்று, மண் இரண்டா?

முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்துத்தான் திருநீற்றுப் புதனுக்கான சாம்பலை எடுக்கிறார்கள். ஓலை என்றதும் 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நமக்கு நினைவுக்கு வரும். பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் பல் அது. குருத்தோலையை ஏந்திப் பவனி போகிறவர்கள் பலர். அந்த மரத்தின் கருக்கில் கையை அறுத்துக்கொண்டவர்கள் யார் என்பதைத் தமிழ் இலக்கியத்துக்குச் சொன்னவர் ஒரு தலித் கத்தோலிக்கப் பெண்.

நெற்றியில் சாம்பல் பூசும்போது குரு நினைவூட்டுவது, மனிதர் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புகிறவர் என்பதை. சாவில் எல்லாரும் சமம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சடங்கு இல்லை. ஆனால் அந்த மண்ணுக்குத் திரும்பும்போது என்ன நடக்கிறது? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிற்கிற சுவர் பல ஆண்டுகளாகப் போராட்டத்துக்கு உள்ளானது. பிப்ரவரியில் ஒரே தட்டிலிருந்து சாம்பல் எடுக்கிறோம். செத்த பிறகு சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சாதி கேட்கிறது.

வடக்கன்குளம் ஆலயத்தின் கதையும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சாதிவாரியாக உட்காருவதற்கென்றே ஆலயத்தை இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தடுப்பைத் திரும்பக் கேட்ட அவர்களுடைய உரிமைக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே மோதல் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையில் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தடுப்புக்கு வெளியே நின்றவர்கள், தமக்குக் கீழே என்று கருதுவோருக்குப் பிறகு தடுப்பு எழுப்ப மாட்டார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. இது நம் உட்சாதிகளுக்கும் பொருந்தும்.

அண்மைய நிகழ்வு ஒன்று. 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் எறையூர். தனிக் கல்லறை, தனிப் பாதை, ஆலயத்தில் தனி இடம் ஆகியவற்றை எதிர்த்து, தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கிறித்தவர்கள். அவர்கள்மீது வன்னியக் கிறித்தவர்கள் தாக்குதல் நடத்தினார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். இருதரப்பும் ஒரே திருச்சபையின் பிள்ளைகள்.

அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 23. ஆக மார்ச் 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கத்தோலிக்க வாசக அட்டவணைப்படி அன்று உலகம் முழுவதும் வாசிக்கப்பட்டது, இறந்து நான்கு நாளான இலாசரைக் கல்லறையிலிருந்து இயேசு வெளியே அழைத்த நிகழ்ச்சி. முதல் வாசகம் எசேக்கியேல் 37. கல்லறைகள் திறக்கப்படும் என்ற வாக்குறுதி. கல்லறைக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் சாதி இருக்கக் கூடாது என்று ஒரு மக்கள் கேட்டுக்கொண்டிருந்த ஊரில், அந்த வாசகத்தின் நாளிலேயே இரத்தம் சிந்தியது. தவக்காலத்தின் பொருள் என்ன என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இந்த ஒரு தேதியைக் காட்டினால் போதும்.

கிண்ணமும் பாதமும்

பெரிய வியாழன் இரண்டு நினைவுகளைச் சுமக்கிறது. இயேசு சீடரோடு உண்ட இறுதி இரவு உணவும், அந்த இரவில் அவர் சீடரின் பாதங்களைக் கழுவியதும்.

சீர்திருத்தச் சபைகளில் சாதிப் போராட்டம் இந்தப் பந்தியைச் சுற்றியே நடந்தது. திருவிருந்துக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது, யாருக்குப் பிறகு யார் குடிப்பது என்பதே சிக்கல். வேளாளர் முதலில், மற்றவர் பிறகு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஒரே கிண்ணத்தைவிடத் தனிக் கிண்ணம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியவர்தாம். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். பாடட்டும், அந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு பாடட்டும்.

இதற்கு மறுமொழி நம்மிடமிருந்தே வந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பரட்டை என்ற ஜே. தியோபிலஸ் அப்பாவு, திருவிருந்தை 'ஒரு உலை' என்று விளக்கினார். ஒரே உலையில் பொங்கி உண்பவர்கள் ஒரு குடும்பம். தனி அடுப்பு வைத்துக்கொண்டு ஆலயத்தில் மட்டும் ஒரே அப்பத்தை உண்டால் அது திருவிருந்து ஆகாது. கோவில் மேடையில் நுழைய முடியாதிருந்த நாட்டுப்புற இசையை அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் இதே எண்ணத்தில்தான்.

பாதம் கழுவும் சடங்கை 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மாலைத் திருப்பலிக்குள் சேர்த்தார். விதிப்படி ஆண்களின் பாதம் மட்டுமே கழுவப்பட்டது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமையில் சிறார் சிறை ஒன்றுக்குப் போய், ஒரு முஸ்லிம் பெண் உட்பட பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். 2016இல் விதியே மாறியது. பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்றானது.

நம் பங்குகளில் அந்தப் பன்னிருவரை எந்தத் தெருக்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள்? பங்குப் பேரவை உறுப்பினர், ஆசிரியர், ஊர்ப் பெரியவர் என்று பட்டியல் நீள்கிறது. அன்றைய உலகில் விருந்தினரின் பாதம் கழுவுவது அடிமையின் வேலை. இயேசு அந்த வேலையை எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் பிறர் அழுக்கைக் கழுவும் வேலை பிறப்பால் சிலர் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. 2013இல் சட்டம் தடைசெய்த பின்னும் மலக்குழிக்குள் மனிதர் இறங்கிச் சாகிறார்கள். ஆண்டுக்கு ஒரு மாலை, முன்கூட்டியே கழுவி வந்த பாதங்களில் தண்ணீர் ஊற்றுவதோடு இந்தச் சடங்கு முடியுமானால், அது தன் பொருளை இழக்கிறது. துப்புரவுப் பணியாளரின் பாதங்களைக் கழுவட்டும். அதோடு நிற்காமல், திருச்சபை நிறுவனங்களில் அந்த வேலையை யார் செய்கிறார்கள், என்ன கூலிக்குச் செய்கிறார்கள் என்றும் கேட்கட்டும்.

யார் சுமத்திய சிலுவை?

தவக்கால வெள்ளிகளில் நம் மக்கள் உருகி நிற்பது சிலுவைப் பாதையில். பதினான்கு நிலைகள். ஐந்தாம் நிலையில் சிரேன் ஊர்ச் சீமோன் வருகிறார். பொதுவாக அவரை இயேசுவுக்கு உதவிய நல்ல உள்ளம் என்று சொல்லி விடுகிறோம். நற்செய்தி சொல்வது வேறு. வெளியூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைப் படைவீரர்கள் பிடித்துச் சுமக்கக் கட்டாயப்படுத்தினார்கள். அங்கே மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல், ஆட்சியாளர் ஆளைப் பிடித்து வேலை வாங்குவதைக் குறிக்கும் சொல். நம் மொழியில் அதற்குப் பெயர் வெட்டி வேலை. சீமோன் விரும்பிச் சுமக்கவில்லை, கூலியும் பெறவில்லை.

இந்த வேறுபாடு நமக்கு முக்கியம். சிலுவையைச் சுமந்துகொள் என்ற அறிவுரை நம் தெருக்களுக்கு அளவுக்கு மீறி வந்திருக்கிறது. அடித்தால் தாங்கிக்கொள், ஒதுக்கினால் பொறுத்துக்கொள், விண்ணகத்தில் பலன் உண்டு என்று சொல்லப்பட்டது. இயேசு சுமந்த சிலுவை, அதிகாரத்தை எதிர்த்துப் பேசியதற்காக அவர் தெரிந்தே ஏற்ற விளைவு. சீமோன் சுமந்தது வழிப்போக்கர்மீது அதிகாரம் சுமத்தியது. சாதி நம்மீது வைத்திருக்கும் சுமை இரண்டாவது வகை. அதைப் புனிதமாக்கக் கூடாது, இறக்கி வைக்க வேண்டும். சாதிக்கு எதிராகப் போராடி வரும் இழப்பு முதல் வகை. 1980களில் தலித் இறையியலுக்கு அடித்தளமிட்ட அரவிந்த் நிர்மல், நம் வேதனையே இறையறிவின் தொடக்கம் என்ற திசையில் சிந்தித்தார். அந்தத் திசை வேதனையைப் போற்றுவதற்கானது அல்ல, அதன் காரணத்தை அறிவதற்கானது.

சுமையில் அரசின் பங்கும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இன்னும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. சாதியால் பிரிந்த கல்லறைகள் வேறு சொல்கின்றன. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புதல் தவத்தின் முதல் படி. அடுத்த படி, செய்த தவறுக்கு ஈடு செய்வது.

இந்த நாற்பது நாளில் என்ன செய்யலாம்?

பேச்சோடு நிற்காமல் சில வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒவ்வொரு பங்கிலும் சபையிலும் தவக்காலத்தில் ஒரு கணக்கெடுப்பு நடக்கட்டும். கல்லறையில் பிரிவு உண்டா? திருவிழாத் தேர் எந்தத் தெருவரை வருகிறது? சவ ஊர்வலம் எந்தப் பாதையில் போகிறது? பங்குப் பேரவை, பாடகர் குழு, பலிபீடப் பணியாளர், பள்ளி, கல்லூரி வேலைகளில் யார் யார் இருக்கிறார்கள்? திருநீற்றுப் புதனன்று தொடங்கி, குருத்தோலை ஞாயிறன்று அதை ஆலயத்தில் வாசிக்கலாம்.

பெரிய வியாழனைப் பழையபடி ஒப்புரவு நாளாக்கலாம். சாதி காட்டியவர்கள் மக்கள் முன் மன்னிப்புக் கேட்பதும், தடுப்பை அகற்றத் தேதி சொல்வதும் அன்று நடக்கலாம். தடுப்பு நிற்கிற இடத்தில் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது கணக்கில் சேராது.

நம் வீடுகளில், நாம் விட வேண்டியது எது என்று கேட்டுக்கொள்வோம். ஏற்கெனவே அரைவயிறாக இருப்பவர் சோற்றை விட வேண்டியதில்லை. தாழ்வு மனதை விடலாம். உட்சாதிப் பெருமையை விடலாம். நோன்பு நாளிலும் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடக்கிற பெண்ணிடம், அடுப்படி வேலையை ஆண்கள் வாங்கிக்கொள்வது நல்ல ஒறுத்தல். நோன்பில்லாத ஞாயிறுகளில் தெருவோடு ஒரே உலை வைத்து உண்ணலாம். அந்த உலையில் என்ன வேகிறது என்று யாருக்கும் நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தபசு காலம் பற்றி உங்கள் பாட்டிமார்களிடம் கேட்டு எழுதுங்கள். அன்று ஆலயத்தில் எங்கே நின்றார்கள், சிலுவைப் பாதையில் எந்த நிலையில் அழுதார்கள், வேலையில்லாத பங்குனியில் எதைத் தின்று நோன்பிருந்தார்கள் என்று கேளுங்கள். திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களில் அது இல்லை. ஓரிரு பத்தாண்டுகளில் அதைச் சொல்ல ஆளும் இருக்கமாட்டார்கள். எழுதி எடுத்து வந்தால் அடுத்த ஆண்டு இதே மேடையில் அதை வாசிக்க இடம் ஒதுக்குவோம்.